எத்தனை நாளைக்கு?

கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். கட்டில் ஓரம் சின்னக் கண்ணாடிப் புட்டி, பக்கத்தில் தண்ணீர் டம்ளர், மடித்து வைத்த கடிதம். வசனமே தேவையில்லை. திரையரங்கில் இருப்பவர்கள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும். வண்ணப்படம் வந்தது, தொலைக்காட்சித் தொடர் வந்தது, இந்தக் காட்சி மட்டும் மாறவில்லை. அதனால்தானோ என்னவோ, நம் வீடுகளில் 'தூக்க மாத்திரை' என்று யாராவது சொன்னாலே குரல் தாழ்ந்துவிடுகிறது. தலைவலி மாத்திரை தலைவலிக்கு, காய்ச்சல் மாத்திரை காய்ச்சலுக்கு. தூக்க மாத்திரை மட்டும் சாவுக்கு என்று நாமாக முடிவு பண்ணிவிட்டோம்.

இந்தப் பயம் சினிமாக்காரர்களின் கற்பனையில் உண்டானது இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான ஒரு மருந்து இருந்தது, உண்மையான மரணங்களும் இருந்தன. ஆனால் அந்த மருந்தை இன்று கிளினிக்கில் தூக்கத்துக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதன் இடத்துக்கு வேறொரு மாத்திரை வந்து 60 ஆண்டுக்கு மேல் ஆகிறது. புதியதிலும் ஆபத்து உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. பழைய மாத்திரைக்குரிய பயத்தோடு புதியதைப் பார்ப்பதால், பயப்பட வேண்டிய இடத்தில் நாம் பயப்படாமல் போகிறோம். இதைப் புரிந்துகொள்ள, மனிதர்கள் தூக்கத்தை ரசாயனக் கூடத்தில் தேடத் தொடங்கிய காலத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.

தேங்கிய மருந்து

1857ல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மருத்துவர், பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பு சில பெண்களின் வலிப்பைக் குறைக்கிறது என்று சக மருத்துவர்களிடம் சொன்னார். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்தவர் அவர், அதனால் அவர் பேச்சுக்கு மதிப்பிருந்தது. கொஞ்ச காலத்தில் வலிப்பு மட்டுமில்லை, பதற்றம், தூக்கமின்மை, 'நரம்புத் தளர்ச்சி' எல்லாவற்றுக்கும் புரோமைடு என்று ஆனது. மனநல விடுதிகளில் அதைத் தாராளமாகக் கொடுத்தார்கள்.

புரோமைடின் பிரச்சினை எளிமையானது. உடம்பிலிருந்து அதில் பாதி வெளியேறவே சுமார் 12 நாள் ஆகும். தினமும் குடித்தால் என்ன நடக்கும்? மேலே குழாய் திறந்திருக்கிறது, கீழே வடிகால் துளி மட்டும்தான். தொட்டி நிறைந்துகொண்டே போகும். முதல் வாரம் நல்ல தூக்கம். சில மாதங்களில் தள்ளாட்டம், குழப்பம், இல்லாத குரல்கள் கேட்பது. இதற்குப் 'புரோமிசம்' என்று பெயரே வந்தது. மோசம் என்னவென்றால், பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்து மேலும் புரோமைடு கொடுக்கவும் இடமிருந்தது.

ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா தூக்கத்துக்காகக் குளோரலும் புரோமைடும் நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தார், கூடவே மதுவும். 1954ன் தொடக்கத்தில் ஓய்வுக்காக இலங்கைக்குக் கப்பல் ஏறினார். நடுக்கடலில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சக பயணிகள் சதி செய்கிறார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்பினார். எகிப்தில் கப்பலை விட்டு இறங்கி, விமானத்தில் கொழும்பு போனார். குரல்களும் கூடவே போயின. ஊர் திரும்பி மருந்தை மாற்றிய பிறகுதான் அவை அடங்கின. புரோமைடு நஞ்சு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த அனுபவத்தைத்தான் அவர் 1957ல் 'தி ஆர்டீல் ஆஃப் கில்பர்ட் பின்ஃபோல்ட்' என்ற நாவலாக்கினார்.

குளோரலின் கதையும் இப்படித்தான். 1832ல் லீபிக் தயாரித்த பொருள் அது. 1869ல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக், இது உடம்புக்குள் போய்க் குளோரோஃபார்மாக மாறும், ஆகவே தூங்க வைக்கும் என்று கணக்குப் போட்டார். கணக்குத் தவறு, அது வேறொரு பொருளாகத்தான் மாறுகிறது. ஆனால் தூக்கம் வந்தது. கவிஞரும் ஓவியருமான தாந்தே கேப்ரியல் ராசெட்டியின் கடைசி ஆண்டுகள் குளோரலோடும் விஸ்கியோடும் கழிந்தன.

அந்தக் கண்ணாடிப் புட்டிக்குள் இருந்தது

அடுத்து வந்ததுதான் நம் சினிமாக் காட்சியின் மருந்து.

1864ல் அடால்ஃப் ஃபான் பேயர் பார்பிட்யூரிக் அமிலத்தைத் தயாரித்தார். அந்த அமிலத்துக்குத் தூங்க வைக்கும் குணம் இல்லை. கிட்டத்தட்ட 40 வருடம் கழித்து, வேதியியலில் நோபல் பரிசு வாங்கிய எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார்கள். 1903ல் 'வெரோனல்' விற்பனைக்கு வந்தது. 1912ல் 'லூமினல்', அதாவது ஃபீனோபார்பிட்டால். பிறகு வெள்ளம்தான். மொத்தம் 2,500க்கு மேற்பட்ட பார்பிட்யூரேட்டுகளைத் தயாரித்துப் பார்த்தார்கள். சுமார் 50 சந்தைக்கு வந்தன.

புரோமைடு போலத் தேங்காது, குளோரல் போல நாறாது. வெரோனல் வந்தபோது அது முன்னேற்றம்தான். ஃபீனோபார்பிட்டால் வலிப்பு நோய்க்கு இன்றும் பயன்படுகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 'எல்லாம் விஷம்' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

ஆனால் பார்பிட்யூரேட்டில் தூங்க வைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. இன்னொரு பொறியும் இருந்தது. தினமும் எடுத்தால் உடம்பு பழகி, அதே தூக்கத்துக்குக் கூடுதல் மருந்து கேட்கும். மூச்சை நிறுத்தும் அளவோ அதே வேகத்தில் உயராது. நாள் போகப் போக அந்தக் கொஞ்ச இடைவெளியும் சுருங்கும். கட்டுமானத்தில் இருக்கிறவர்கள் 'பாதுகாப்புக் காரணி' என்று ஒன்றைக் கணக்கில் வைப்பார்கள். தாங்க வேண்டிய எடையைவிடப் பல மடங்கு தாங்கும்படி கட்டுவது. இந்த மருந்தில் அந்தக் காரணி ஆரம்பத்திலேயே குறைவு, பயன்படுத்தப் பயன்படுத்த இன்னும் குறைந்தது.

இலக்கியம் இதை உடனே பிடித்துக்கொண்டது. ஷ்னிட்ஸ்லரின் 'ஃப்ரோய்லைன் எல்ஸே' 1924ல் வந்தது, அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926ல். இரண்டிலும் வெரோனல் இருக்கிறது. 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தபோது, அவர் உடலில் ஒரு பார்பிட்யூரேட்டும் குளோரலும் இருந்ததாகப் பரிசோதனை அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு தூக்க மாத்திரை என்றால் என்ன என்று உலகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் படங்களில் வரும் புட்டியும் இந்தக் காலத்தின் புட்டிதான். மருந்துக் கடையிலிருந்து அது போய்விட்டது, திரைக்கதையில் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

குரங்குகள் அமைதியானபோது

பார்பிட்யூரேட்டுக்கு மாற்று தேடியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். இருவருமே ஹிட்லர் காலத்து ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதர்கள்.

ஃபிராங்க் பெர்கர் செக்கோஸ்லோவாக்கியாவின் பில்சன் நகரத்துக்காரர். இங்கிலாந்துக்குத் தப்பிப் போய், பெனிசிலினைக் கெடாமல் வைத்திருக்க ஒரு பொருள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு கலவையை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை தசை தளர்ந்து, ஆனால் விழிப்போடு படுத்திருந்தன. 'அமைதிப்படுத்துதல்' என்ற சொல்லை அவர் 1946ல் தன் கட்டுரையில் பயன்படுத்தினார். பிறகு அமெரிக்கா போய், பெர்னார்ட் லுட்விக்கோடு சேர்ந்து 1950ல் மெப்ரோபமேட்டைத் தயாரித்தார். 1955ல் அது 'மில்டவுன்' என்று வந்தது. நியூ ஜெர்சியில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர் அது. ஹாலிவுட்டில் அது நாகரிகமாகவே ஆனது. நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் தன் பெயரை 'மில்டவுன் பெர்ல்' என்று மாற்றிக்கொள்ளப்போவதாகத் தொலைக்காட்சியில் கேலி செய்தார். இது தூக்க மாத்திரையாக வரவில்லை. பகலில், வேலைக்கு நடுவே, சும்மா மனசு அமைதியாக இருக்க ஒரு மாத்திரை. நோயாளி என்று சொல்லிக்கொள்ளாதவர்களும் வரிசையில் நின்றார்கள்.

இரண்டாவது ஆள் லியோ ஸ்டெர்ன்பாக். போலந்தின் கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் சாயப் பொருட்களை ஆராய்ந்தவர். 1941ல் ரோஷ் நிறுவனம் அவரை ஸ்விட்சர்லாந்திலிருந்து நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. மில்டவுனின் விற்பனையைப் பார்த்த ரோஷ், நமக்கும் ஒன்று வேண்டும் என்றது. ஸ்டெர்ன்பாக் தன் மாணவப் பருவத்துச் சாயச் சேர்மங்களைத் தூசி தட்டி எடுத்து, சுமார் 40 வகையாக மாற்றிப் பார்த்தார். எதுவும் வேலை செய்யவில்லை. வேறு வேலைக்குப் போகச் சொன்னார்கள். 1957ல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்யும்போது, சோதிக்காமல் விட்டுப்போன ஒரு குப்பி சக ஊழியர் ஏர்ல் ரீடரின் கண்ணில் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று சோதனைக்கு அனுப்பினார்கள்.

லோவெல் ராண்டால் என்பவர் அதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடிக்க வரும் குரங்குகள் சாதுவாயின, ஆனால் தூங்கி விழவில்லை. அவர் பயன்படுத்தியது நீளவால் குரங்கு. பத்துமலைப் படிகளில் நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அதே இனம்தான். அந்தக் குரங்கை அமைதியாக உட்கார வைக்கும் மருந்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1960ல் அது 'லிப்ரியம்' ஆனது. 1963ல் அதைவிட வீரியமான டயஸெபாம், 'வேலியம்' என்ற பெயரில் வந்தது. இந்தக் குடும்பத்துக்கு பென்சோடயஸபீன் என்று பெயர். இன்றைக்கு லோரஸெபாம், அல்பிரஸோலாம், மிடஸோலாம் என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் இதன் பிள்ளைகள்.

ஆர்தர் சாக்லர் என்ற மருத்துவர், விளம்பர நிபுணரும்கூட, இவற்றை அமெரிக்க மருத்துவர்களிடம் கொண்டு சேர்த்தார். மருத்துவ இதழ்களில் வந்த விளம்பரங்களில் பெரும்பாலும் பெண்கள்தான் இருந்தார்கள். வீட்டு வேலையில் களைத்தவள், கல்லூரிக்குப் புதிதாகப் போகிறவள், கல்யாணம் ஆகாதவள். வாழ்க்கையில் எந்த நிலைமையில் இருந்தாலும் அதற்கு ஒரு மாத்திரை இருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1966லேயே இதை வைத்துப் பாட்டுப் பாடிவிட்டது. 1978ல் உச்சம்: அந்த ஒரு வருடத்தில் அமெரிக்காவில் விற்ற வேலியம் மாத்திரைகள் சுமார் 230 கோடி.

வாயிலும் சாவியும்

இந்த வெற்றிக்கு விளம்பரம் மட்டும் காரணம் இல்லை. பார்பிட்யூரேட்டைவிடப் பென்சோடயஸபீன் உண்மையிலேயே பாதுகாப்பானதுதான். ஏன் என்பது 1977க்குப் பிறகுதான் தெளிவானது. மூளையில் இந்த மருந்து போய் ஒட்டும் இடத்தை அந்த வருடம் டென்மார்க்கிலும் ஸ்விட்சர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன.

நம் மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுவிடம் 'கொஞ்சம் அடங்கு' என்று சொல்வது அதன் வேலை. காபா வந்து ஒட்டினால் நரம்பணுவின் சவ்வில் ஒரு சின்ன வாயில் திறக்கும். குளோரைடு அயனிகள் உள்ளே போகும். அந்த நரம்பணு அடுத்த சமிக்ஞையை அனுப்பத் தயங்கும்.

பென்சோடயஸபீன் அந்த வாயிலைத் தானாகத் திறக்காது. காபா திறக்கும்போது, அது இன்னும் அடிக்கடி திறக்கும்படி உதவும், அவ்வளவுதான். சாவி காபாவின் கையில்தான் இருக்கிறது. உடம்பில் இருக்கும் காபாவுக்கு ஓர் அளவு உண்டு என்பதால் விளைவுக்கும் ஒரு கூரை இருக்கிறது. பார்பிட்யூரேட் அப்படி இல்லை. திறந்த வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அளவு கூடினால் காபா இல்லாமலேயே திறந்துவிடும். கூரை கிடையாது. மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியும் சேர்ந்து அடங்கிப்போகும்.

அதற்காக இது ஆபத்தே இல்லாத மாத்திரை என்று நினைத்துவிட வேண்டாம். மதுவோடும் ஓபியம் வகை மருந்துகளோடும் சேர்ந்தால் அந்தக் கூரை உடைந்துவிடும். 2000களில் சிங்கப்பூரில் சுபுடெக்ஸ் மாத்திரையையும் டோர்மிகம் என்ற மிடஸோலாமையும் சேர்த்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பழக்கம் பெரிய பிரச்சினையாக வளர்ந்தது. 2006ல் சுபுடெக்ஸைச் சட்டம் 'ஏ' வகுப்புப் போதைப்பொருளாக்கியது.

முதல் வருடமே தெரிந்தது

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம்.

லிப்ரியம் சந்தைக்கு வந்தது 1960. மறு வருடமே, 1961ல், கலிஃபோர்னியாவில் லியோ ஹாலிஸ்டர் என்ற மருத்துவரின் குழு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. மாதக்கணக்கில் அதிக அளவு லிப்ரியம் எடுத்துவந்த 11 நோயாளிகளுக்கு, அவர்களுக்குச் சொல்லாமல், அதை நிறுத்திவிட்டு மருந்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். 10 பேருக்குப் புதிய தொந்தரவுகள் வந்தன. தூக்கம் போனது, பதற்றம் கூடியது. 2 பேருக்கு வலிப்பே வந்தது. அதுவும் உடனே வரவில்லை, பல நாள் கழித்துத்தான் வந்தது. ஏனென்றால் இந்த மருந்து உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும்.

ஆக, திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பது முதல் வருடமே அச்சில் இருந்தது. 'அது அதிக அளவு எடுத்தவர்களுக்கு, சாதாரண அளவில் ஒன்றும் ஆகாது' என்று மருத்துவ உலகம் நிம்மதியானது. 1980ல் பிரிட்டனின் மருந்து மறுஆய்வுக் குழு ஒரு கணக்குச் சொன்னது. 1960 முதல் 1977 வரை, அந்த நாடு முழுவதும் இந்த மாத்திரைகளுக்கு அடிமையானவர்கள் வெறும் 28 பேர். லட்சக்கணக்கானவர்கள் தினமும் விழுங்கிய மாத்திரைக்கு 28 பேர்!

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. ஓர் இயந்திரத்தைப் பொருத்தி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடலாம். உலோகச் சோர்வு அந்த ஒரு நாளில் தெரியாது. பல்லாயிரம் சுற்றுக்குப் பிறகு, உடைகிற அளவுக்குப் பாரமே இல்லாத ஒரு நாளில், தண்டு முறியும். அப்போது பாரத்தை அளந்து பார்த்துவிட்டு 'எல்லை மீறவில்லையே' என்று சொன்னால் எப்படி இருக்கும்? இங்கேயும் மருந்தின் அளவைத்தான் அளந்தார்கள், காலத்தை அளக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மருந்து தினமும் வந்து அடக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலைக்குத் திரும்ப, அடங்கும் தன்மையைத் தானே குறைத்துக்கொள்கிறது. வாரங்கள் போகப் போக மருந்தும் மூளையும் இரண்டு பக்கமும் கயிறு இழுப்பது போல ஒரு நிலைக்கு வருகின்றன. அப்போது ஒரு பக்கம் கையை விட்டால் மறு பக்கம் தடாலென்று விழும். தூக்கமின்மை பழையதைவிட மோசமாக வரும். பதற்றம் வரும், ஒலியும் வெளிச்சமும் தாங்காது. நோயாளி என்ன நினைப்பார்? 'பார், மாத்திரையை நிறுத்தினதும் வியாதி திரும்பிடுச்சு.' மருத்துவரும் அதையே நினைப்பார். மறுபடியும் மாத்திரை. அறிகுறி உடனே அடங்கும். இதைவிட நல்ல நிரூபணம் வேண்டுமா? புரோமைடு காலத்தில் விஷத்தை வியாதி என்று நினைத்தார்கள். நூறு வருடம் கழித்து அதே பிழை புதிய மருந்தோடு திரும்பி வந்தது.

உண்மையை முதலில் சொன்னவர்கள் விழுங்கியவர்கள்தான். அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கார்டன், மருத்துவர் சொன்னபடி வேலியத்தை ஒரேயடியாக நிறுத்தி, மனநல மருத்துவமனை வரை போனவர். அவருடைய 'ஐ'ம் டான்சிங் ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ் ஐ கேன்' 1979ல் வந்தது. அதே வருடம் எட்வர்ட் கென்னடி தலைமையில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. பிரிட்டனில் 1980களின் முற்பகுதியில் பிபிசியின் 'தட்ஸ் லைஃப்' நிகழ்ச்சி இதைப் பற்றிப் பேசியபோது, ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. 28 பேர் என்று எண்ணப்பட்ட நாட்டில்!

நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற மருத்துவப் பேராசிரியர் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்புகிறவர்களுக்காக ஒரு கிளினிக் நடத்தினார். பாடப்புத்தகத்தில் இதற்கு வழியே இல்லை. ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் அளவைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். அதை 'ஆஷ்டன் கையேடு' என்கிறார்கள். நோயாளிகளிடம்தான் தான் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். 1988ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு எழுதியது. ஹாலிஸ்டரின் கட்டுரைக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவே 27 வருடம். சுமார் 14,000 பேர் சேர்ந்து மருந்து நிறுவனங்கள் மீது தொடுக்க முயன்ற வழக்கு, சட்ட உதவிப் பணம் நிறுத்தப்பட்டதும் 1990களில் தானாகக் கலைந்தது.

நம் வீட்டு அலமாரியில்

இங்கே வருவோம். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் 1989ல் வந்த விதிமுறைகள் இந்த மாத்திரைகளைக் கட்டுப்படுத்துகின்றன. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கிளினிக்கும் மருந்தகமும் பதிவேடு வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2008ல் வழிகாட்டி வெளியிட்டது. மொத்தம் 8 வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் பொது மருத்துவர் மேற்கொண்டு எழுதிக்கொண்டே போகக்கூடாது, நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்றது. விதியை மீறியவர்கள் மருத்துவ மன்றத்தின் முன் நின்றிருக்கிறார்கள்.

தெருவில் கதை வேறு. ஜப்பானிய நிறுவனம் ஒன்று தூக்கத்துக்காகத் தயாரித்த நிமெட்டஸெபாம், 'எரிமின் 5' என்ற பெயரில் நம் இரண்டு நாட்டிலும் போதை மாத்திரையானது. போலீஸ் செய்திகளில் 'எரிமின்' என்று படித்திருப்பீர்கள். அதுவும் வேலியத்தின் குடும்பம்தான். அந்த நிறுவனம் 2015ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் சந்தையில் இருக்கிறது. இன்று அந்தப் பெயரில் விற்கும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது.

சட்டமும் போலீஸும் பார்க்காத இடம் வீட்டு அலமாரி. எங்கள் குடும்பத்தில் இரண்டு பெரியம்மாக்கள். ஒருவர், கணவர் இறந்த பிறகு மூன்று வாரம் கண்ணை மூடவில்லை. மருத்துவர் ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை எழுதினார். "தூக்க மாத்திரையா? நான் என்ன சாகவா போறேன்? அக்கம் பக்கத்துல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்று பிளாஸ்டிக் பையைக்கூடப் பிரிக்காமல் குப்பையில் போட்டார். இன்னொருவர் 'நரம்பு மாத்திரை' என்று ஒன்றை 11 வருடம் சாப்பிட்டார். அதைத் தூக்க மாத்திரை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு முறை பினாங்குக் கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரையை மறந்துவிட்டார். மூன்றாம் நாள் கை நடுக்கம், வியர்வை, யாரோ கூப்பிடுகிற மாதிரி குரல். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று திருநீறு போட்டார்கள். ஊருக்கு வந்து மாத்திரை போட்டதும் சரியானது. மாத்திரையின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை இன்னும் கூடியது.

முதல் பெரியம்மா பயந்தது பார்பிட்யூரேட்டுக்கு. அவருக்கு எழுதிக் கொடுத்தது அது இல்லை. ஒரு வாரம் அது அவரைத் தாங்கியிருக்கும். இரண்டாவது பெரியம்மா பயந்திருக்க வேண்டும், பெயர் மாறியதால் பயமே வரவில்லை. 'தூக்கம்' என்ற சொல் போய் 'நரம்பு' வந்ததும் சினிமாக் காட்சி மனசில் ஓடவில்லை, அவ்வளவுதான்.

இது பெரியம்மாக்களின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 12 மணி நேர ஷிஃப்டில், நாலு நாள் பகல், நாலு நாள் இரவு என்று மாறிமாறி நிற்கிற என் வயதுக்காரர்கள், காலை 8 மணிக்குத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கப் பார்க்கிறார்கள். வெளியே வெயில், கீழே லாரிச் சத்தம். தூங்க முடியாதது அவர்கள் நரம்பின் கோளாறா, கால அட்டவணையின் கோளாறா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மாத்திரைக்குப் போவது சுலபம், யாராவது மிச்சம் வைத்திருப்பதை வாங்கிப் போடுவது அதைவிடச் சுலபம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, தூக்கத்துக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று 2016ல் அமெரிக்க உள்நோய் மருத்துவர்கள் அமைப்பு பரிந்துரைத்தது. அதற்குப் பல வாரம் ஆகும், பேச ஆள் வேண்டும். மாத்திரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இந்த விலை வித்தியாசம்தான் 1857லிருந்து இந்தத் தொழிலை நடத்திவருகிறது.

அதனால் மாத்திரையே கூடாது என்று சொல்ல வரவில்லை. நிற்காத வலிப்பை நிறுத்துவது, குடியை விடுகிறவரின் உயிரைக் காப்பாற்றுவது, நெஞ்சைப் பிசையும் பீதியில் சில நாள் தாங்கிப் பிடிப்பது எல்லாம் டயஸெபாமும் அதன் உறவுகளும் செய்கிற வேலைகள். அவற்றை வாங்க வெட்கப்படவும் வேண்டாம், பிளாஸ்டிக் பையை ஒளித்து வைக்கவும் வேண்டாம்.

பழைய மாத்திரை நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி 'எத்தனை மாத்திரை?' என்பது. இந்த மாத்திரைக்குக் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை நாளைக்கு?' என்பது. கவுண்டரில் பையை நீட்டும்போது அதைக் கேளுங்கள். இதன் உண்மையான பெயர் என்ன, நிறுத்தும்போது எப்படிக் குறைக்க வேண்டும், மதுவோடும் இருமல் மருந்தோடும் சேருமா என்பதையும் கேளுங்கள். வீட்டில் யாராவது வருடக்கணக்கில் 'நரம்பு மாத்திரை' சாப்பிட்டு வந்தால், இதைப் படித்த வேகத்தில் இன்று இரவே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பார்பரா கார்டனுக்கு நடந்தது அதுதான். பட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கூடப் போங்கள். 11 வருடம் ஏறிய படியில் மெதுவாகத்தான் இறங்க வேண்டும், கூட ஒருவர் இருந்தால் நல்லது.